கையசைத்தால் தெரியுமா? மண்டபம் கரையும் விண்வெளி நிலையமும்

புதுமடம் கடற்கரையில் மாலையில் கூடும் உங்கள் சிறு குழுவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். சர்வதேச விண்வெளி நிலையம் கடக்கும் நாட்களில் பிள்ளைகள் அதை நோக்கிக் கையசைக்கிறார்கள் என்றும், சென்ற வாரம் அது உச்சிவானைத் தாண்டியதும் மேகமே இல்லாத இடத்தில் சட்டென்று காணாமல் போனது என்றும், உங்கள் பெரியப்பா “அது உச்சிப்புளி விமானம், அதற்குப் போய்க் கையை ஆட்டுகிறீர்களே” என்று கேலி செய்தார் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் கேள்விகள் மூன்று. பார்த்தது உண்மையில் அந்த நிலையம்தானா? மேலே இருப்பவர்களுக்கு நம் கரையும் கரையில் நிற்பவர்களும் தெரிவார்களா? தெரியாவிட்டால் இந்தக் கையசைப்புக்கு ஏதேனும் பொருள் உண்டா? பெரியப்பாவுக்கு என்ன பதில் சொல்வது என்ற நான்காவது கேள்வியும் உள்ளே ஒளிந்திருப்பதாகத் தோன்றுகிறது.

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஹாம் ரேடியோ எனப்படும் அமெச்சூர் வானொலி உரிமம் வைத்துக்கொண்டு, இந்தக் கரையிலிருந்து அந்த நிலையத்தின் அலைவரிசைகளைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். விண்கலப் பொறியாளன் அல்லன். நிலையத்தின் பாதை, ஒளி, வானொலி ஆகிய மூன்றைப் பற்றித் துணிந்து பேசுவேன். அதன் உட்புறப் பொறியமைப்பைப் பற்றி அதற்கென்று படித்தவர்களிடம் கேட்பதே முறை.

முதலில் பெரியப்பாவின் பக்கமுள்ள நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத் தளம் இருக்கிறது. அங்கிருந்து ஹெலிகாப்டர்களும் ஆளில்லா விமானங்களும் பறக்கின்றன. மண்டபத்தில் கடலோரக் காவல்படை நிலையமும் உண்டு. ஆகவே நம் வானில் நகரும் விளக்கைக் கண்டதும் விமானம் என்று நினைப்பது இந்தப் பகுதியில் வாழ்ந்து பழகியவரின் அனுபவ அறிவே. ஆனால் விமானத்தில் சிவப்பு, பச்சை விளக்குகளும் விட்டு விட்டு மின்னும் வெள்ளை விளக்கும் இருக்கும். காற்று வாட்டமாக இருந்தால் ஓசையும் கேட்கும். அது திரும்பும், வட்டமடிக்கும். விண்வெளி நிலையம் இவை எதையும் செய்யாது. சிமிட்டாமல், ஓசையின்றி, திசை மாறாமல், அடிவானுக்குச் சற்று மேலே தொடங்கி எதிர்ப்பக்க அடிவானை நெருங்க அதிகபட்சம் ஏறக்குறைய 6 நிமிடம் எடுத்துக்கொள்ளும். நல்ல உயரத்தில் கடக்கும் நாளில் எந்த விண்மீனையும் விட, சில வேளைகளில் வெள்ளிக் கோளுக்கு இணையாகவும், பிரகாசமாக இருக்கும். இந்த அடையாளங்கள் பொருந்தினால் அது விமானம் அல்ல என்று உறுதியாகச் சொல்லலாம்.

அப்படியானால் அது அந்த நிலையமேதானா என்பதில் மட்டும் சிறிது ஐயம் வைத்துக்கொள்ள வேண்டும். சீனாவின் தியாங்கோங் நிலையமும் நம் தலைக்கு மேல் வந்து போகிறது. அதன் முதல் பகுதி 2021 ஏப்ரலில் ஏவப்பட்டது. அளவில் சிறியது, ஒளியும் சற்றுக் குறைவு; ஆனால் நகரும் விதம் அச்சு அசல் அதேதான். ஒரே வரிசையில் பல புள்ளிகள் ஊர்ந்து போனால் அவை புதிதாக ஏவப்பட்ட ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். 2019 மே மாதம் முதல் தொகுதி ஏவப்பட்டதிலிருந்து அந்த வரிசையைப் பார்த்துப் பதறிப்போய்க் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். நீங்கள் கண்டது ஒற்றைப் புள்ளி, சிமிட்டவில்லை, நடுவானில் அணைந்தது. ஆகவே அது ஒரு விண்கலம் என்பது ஏறக்குறைய உறுதி. இரண்டு நிலையங்களில் எது என்பதை நாளும் நேரமும் தெரிந்தால்தான் தீர்மானிக்க முடியும். வர்ணனையை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

நடுவானில் மறைந்ததற்குக் காரணம் பூமியின் நிழல். நமக்குத் தெரியும் அளவுக்கு அந்த நிலையத்தில் விளக்கு எதுவும் எரிவதில்லை. அதன் சூரியத் தகடுகளிலும் உடற்பகுதியிலும் பட்டுத் திரும்பும் வெயிலைத்தான் பார்க்கிறோம். தரையில் பொழுது சாய்ந்த பிறகும் பனையின் கொண்டையில் சற்று நேரம் வெயில் தங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பனையின் உயரம் 400 கி.மீ.க்கும் சற்று அதிகம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு விளங்கிவிடும். மாலையில் பூமியின் நிழல் கிழக்கிலிருந்து எழுகிறது. நிலையமோ எப்போதும் மேற்குப் பக்கமிருந்து கிழக்குப் பக்கமாகவே செல்கிறது. ஆகவே மாலை வேளையில் அது நிழலை நோக்கியே ஓடிப்போய் உள்ளே நுழைகிறது. கூர்ந்து பார்த்தால், அணைவதற்கு முந்தைய சில நொடிகளில் வெண்மை மங்கி மஞ்சளாகி, லேசாகச் செம்மை தட்டுவதையும் காணலாம். ஏனென்றால், நமக்கு அது மறையும் நொடிதான் மேலே இருப்பவர்களுக்குச் சூரியன் மறையும் நொடி. சுமார் 93 நிமிடத்தில் ஒரு சுற்று முடிப்பதால் அவர்களுக்கு ஒரு நாளில் ஏறக்குறைய 16 சூரிய மறைவுகள். அவற்றில் ஒன்றைத்தான் உங்கள் குழு புதுமடத்திலிருந்து பார்த்திருக்கிறது. விடியற்காலையில் இது தலைகீழாக நடக்கும்: வெறும் வானில், பெரும்பாலும் மேற்குப் பாதியில், ஒளிப்புள்ளி திடீரென்று முளைத்துக் கிழக்கே விடியலுக்குள் போய்க் கரையும்.

இந்த நிழல் கணக்கு நம் பகுதிக்கு ஒரு கட்டுப்பாட்டையும் விதிக்கிறது. பலர் இதைக் கவனிப்பதில்லை. தலைக்கு நேர் மேலே உள்ள நிலையத்தின் மீது வெயில் பட வேண்டுமானால், சூரியன் அடிவானுக்குக் கீழே சுமார் 20 டிகிரிக்கு மேல் இறங்கியிருக்கக் கூடாது. ராமநாதபுரம் கரை நிலநடுக்கோட்டிலிருந்து 9 டிகிரி வடக்கே மட்டுமே இருப்பதால், சூரியன் இங்கே சாய்ந்து சாய்ந்து இறங்காமல் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குகிறது. அந்த 20 டிகிரியை அது 80 முதல் 90 நிமிடத்துக்குள் கடந்துவிடும். சூரியன் மறைந்து முதல் 20 அல்லது 25 நிமிடம் வானம் வெளிச்சமாக இருப்பதால் அதையும் கழித்துவிட வேண்டும். மிஞ்சுவது ஒரு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டிய இடைவெளி. மேற்கே தாழ்வாகத் தெரிந்து மறையும் கடப்புகளைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். ஜூன் மாதத்தில் இங்கிலாந்தில் இருப்பவர் நள்ளிரவிலும் இதைப் பார்க்க முடியும், ஏனென்றால் அங்கே அப்போது சூரியன் ஆழமாக இறங்குவதே இல்லை. நமக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. ஆகவே இரவு 10 மணிக்கு மேல் எவராவது “இப்போதுதான் விண்வெளி நிலையத்தைப் பார்த்தேன்” என்று வாட்ஸ்அப்பில் போட்டால், அது வேறு ஏதோ ஒன்று என்று தயங்காமல் சொல்லலாம். பெரியப்பா அடுத்த முறை கேலி செய்தால், மறுநாள் மாலை எத்தனை மணிக்கு, எந்தத் திசையில் எழும் என்பதை முன்கூட்டியே எழுதி அவர் கையில் கொடுத்துவிடுங்கள். கடற்படை விமானம் எந்த நிமிடத்தில் எங்கே வரும் என்று நம்மால் எழுதிக் கொடுக்க முடியாது, இதை முடியும்.

திசையைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கரையின் அமைப்பு இதற்கு மிகவும் ஏற்றது. நிலையத்தின் பாதை நிலநடுக்கோட்டுக்கு 51.6 டிகிரி சாய்ந்திருப்பதால், அது நம் ஊரை இரண்டு விதமாகத்தான் கடக்கும்: கச்சான் அடிக்கும் தென்மேற்கிலிருந்து எழுந்து வாடை வரும் வடகிழக்கில் இறங்குவது ஒன்று, வடமேற்கிலிருந்து எழுந்து தென்கிழக்கில் இறங்குவது மற்றொன்று. புதுமடம், வேதாளை, கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் போன்ற தென்கடல் ஊர்களில், தென்மேற்கிலிருந்து வரும் கடப்பு கடலுக்கு மேலிருந்தே எழுவதால் தொடக்கம் அருமையாகத் தெரியும். தேவிபட்டினம், தொண்டி போன்ற ஊர்களில் தென்னையும் வீடுகளும் தொடக்கத்தை மறைத்தாலும், வடகிழக்கில் பாக் விரிகுடாவின் மேல் இறங்குவது தடையின்றிக் கிடைக்கும். மண்டபத்தில் நிலம் ஒடுங்கி இரு பக்கமும் கடலாக இருப்பதால், சரியான இடத்தில் நின்றால் இரண்டையும் பார்க்கலாம். தனுஷ்கோடி இதைவிட இருட்டான இடம்தான். ஆனால் மாலைக்குப் பின் அரிச்சல்முனைப் பக்கம் நிற்க விடமாட்டார்கள் என்பதால் அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மேகம் வானத்தை மூடிவிடும். தை முதல் பங்குனி வரை வானம் பெரும்பாலும் துலக்கமாக இருக்கும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. நம் கரை அவர்களுக்குத் தெரியுமா என்றால், பகலில் மிக நன்றாகத் தெரியும். தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் வரை சுமார் 30 கி.மீ. நீளத்துக்குக் கிடக்கும் மணல்திட்டுகளும், அவற்றைச் சுற்றி வெளிறித் தெரியும் ஆழமற்ற நீரும் விண்ணிலிருந்து பளிச்சென்று தெரிபவை. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் அவற்றின் பவளப்பாறை விளிம்புகளும் அப்படியே. 1966 செப்டம்பரில், இந்த நிலையத்தைப் பற்றி யாரும் நினைத்துப் பாராத காலத்தில், ஜெமினி 11 விண்கலத்தில் சென்ற இருவர் தென்னிந்தியாவும் இலங்கையும் ஒரே சட்டத்துக்குள் வரும்படி எடுத்த வண்ணப்படம் அன்று உலகப் புகழ் பெற்றது. அதில் நம் பாக் நீரிணையும் அடக்கம்.

மனிதர்கள் தெரிவார்களா என்பதற்கு விடை வேறு. நல்ல பார்வையுள்ள கண்ணுக்கு 400 கி.மீ. தொலைவிலிருந்து பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய அளவு சுமார் 115 மீட்டர். நிலையத்தின் நீளமே 109 மீட்டர்தான். அதாவது, நமக்கு அவர்களுடைய முழு நிலையமும் வடிவமற்ற ஒரு புள்ளியாகத் தெரிவதும், அவர்களுக்கு நம் ஊர்ப் பள்ளிவாசலோ கோயிலோ ஒரு புள்ளிக்கு மேல் தெரியாததும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள். பாம்பன் பாலம் 2 கி.மீ.க்கு மேல் நீளமானது. ஆனால் அகலம் சில மீட்டர்களே. நீண்ட கோடாக இருப்பதால் பின்னணியோடு நிறம் மாறுபடும் வேளையில் வெறும் கண்ணுக்கு ஒரு கீற்றாகத் தட்டுப்படலாம்; அதற்கு மேல் உறுதி கூற மாட்டேன். அவர்கள் பயன்படுத்தும் 800 மி.மீ. லென்ஸ் பொருத்திய கேமராவில் பாலம் தெளிவாகவே விழும். கரையில் கையசைக்கும் பிள்ளை எந்த லென்ஸிலும் விழாது.

இதைவிட அடிப்படையான தடை ஒன்று இருக்கிறது. எனக்கு இதில்தான் சுவை அதிகம். நிலையம் நமக்குத் தெரிய வேண்டுமானால் நாம் இருட்டில் இருக்க வேண்டும், அது வெயிலில் இருக்க வேண்டும். நாம் அவர்களுக்குத் தெரிய வேண்டுமானால் நாம் வெயிலில் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது. உங்கள் பிள்ளைகள் கையசைக்கும் அந்த நிமிடங்களில் மேலிருந்து பார்ப்பவருக்கு நம் கரை ஏற்கெனவே இரவுக்குள் போய்விட்ட நிலம். நம் கரையை அவர்கள் நன்றாகப் பார்க்கும் நண்பகலில், அவர்கள் நம் தலைக்கு மேல் வந்து போனதே நமக்குத் தெரியாது. நமக்கு அவர்கள் தெரியும் நேரமெல்லாம் அவர்களுக்கு நாம் தெரியாத நேரம்.

இருட்டில் நிற்பவர் தன்னைக் காட்டிக்கொள்ள வெளிச்சம் வேண்டும். அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். 2012 மார்ச் மாதத்தில் அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகர வானியல் ஆர்வலர்கள், நிலையம் கடக்கும் நேரத்தில் 1 வாட் நீல லேசரையும் பெரிய தேடுவிளக்குகளையும் மேல்நோக்கிக் காட்டினார்கள். நிலையத்தில் இருந்த டான் பெட்டிட் அதைப் பார்த்ததாகச் சொல்லிப் படமும் எடுத்தார். அவரோடு முன்கூட்டியே பேசி, நேரத்தைக் கணக்கிட்டுச் செய்த ஏற்பாடு அது. இதைப் படித்துவிட்டு யாரும் லேசர் வாங்கிக்கொண்டு புதுமடம் கடற்கரைக்குப் போக வேண்டாம். லேசர் ஒளி விமானியின் கண்ணைக் கூசச் செய்து பெரிய விபத்தை உண்டாக்கும்; பக்கத்திலேயே கடற்படை விமானத் தளம் வேறு இருக்கிறது. பெரியப்பாவின் கேலி போய்ப் போலீஸ் வந்துவிடும்.

மேலே இருப்பவர்கள் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்பதைக் கணக்கிடலாம். நிலையத்தில் ஓடுவது கிரீன்விச் நேரம்; நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. ஆகவே நமக்கு இரவு 7 மணி என்றால் அவர்களுக்குப் பிற்பகல் ஒன்றரை. வழக்கமாக இருக்கும் ஏழு பேரும் சாப்பாடு முடித்து வேலையில் இருக்கும் நேரம். எலும்பும் தசையும் வலுவிழக்காமல் இருக்க ஒவ்வொருவரும் நாளுக்கு ஏறக்குறைய 2 மணி நேரம் உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்பதால், யாரேனும் ஒருவர் ஓடுபொறியில் வார்களால் தம்மைக் கட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கவும் கூடும். பூமியை நோக்கித் திறக்கும் ஏழு கண்ணாடி ஜன்னல்களைக் கொண்ட குப்போலா என்ற அறை 2010 முதல் இருக்கிறது. அதில் அந்த நிமிடம் எவராவது இருந்தாரா என்பது நமக்குத் தெரிய வழியில்லை. நம்முடைய விடியற்காலை 5 மணிக் கடப்பு என்றால் அவர்களுக்கு முந்தைய இரவு பதினொன்றரை. சுவரோடு கட்டிய பைக்குள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். கையசைப்பதற்கு மாலைக் கடப்பே மேல்.

இந்த நிலையத்தின் மீது ஆர்வலர்களுக்கு உள்ள ஈடுபாட்டில் விளையாட்டுத்தனம் நிறையவே கலந்திருக்கிறது; அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. 2023 நவம்பரில் விண்நடை சென்ற ஜாஸ்மின் மொக்பெலி, லோரல் ஓஹாரா ஆகியோரின் கருவிப் பை ஒன்று நழுவிப்போய்த் தனியே பூமியைச் சுற்றத் தொடங்கியது. அதன் மீதும் வெயில் பட்டுத் தெறித்ததால், பைனாகுலர் வைத்திருந்தவர்கள் நிலையத்துக்குச் சில நிமிடம் முன்னதாக ஓடும் அந்தப் பையைத் தேடிப் பிடித்துப் பார்த்தார்கள். ஸ்பானரும் பையுமாக ஒரு செயற்கைக்கோள்! அதே ஆண்டில் ஃபிராங்க் ரூபியோ அங்கே விளைந்த தக்காளியைத் தொலைத்துவிட்டார். அதை அவரே தின்றுவிட்டார் என்று சக வீரர்கள் மாதக்கணக்கில் கேலி செய்தார்கள். அவர் பூமிக்குத் திரும்பிய பிறகு, காய்ந்துபோன தக்காளி ஒரு மூலையில் கிடைத்ததாக டிசம்பரில் அறிவித்தார்கள். என்னைப் போன்ற ஹாம் ஆட்களுக்குப் பிடித்த கதை 2006 பிப்ரவரியில் நடந்தது: காலம் முடிந்த ரஷ்ய விண்ணுடை ஒன்றுக்குள் சிறு வானொலிப் பெட்டியை வைத்து வெளியே தள்ளிவிட்டார்கள், உலகெங்கும் ஆர்வலர்கள் அந்த ஆளில்லாச் சட்டையின் மெலிந்த குரலைப் பிடிக்கக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். 145 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் வெற்றுச் சட்டை பேசுவதைக் கேட்க ஆசைப்பட்டவர்கள் இருக்கும் உலகில், உங்கள் பிள்ளைகள் கையசைப்பது மிகவும் அடக்கமான செயல்.

பெரியப்பா வயதுக்காரர்களிடம் ஏளனத்தோடு கூடவே ஓர் அச்சமும் இருக்கக்கூடும். 1979 ஜூலையில் அமெரிக்காவின் ஸ்கைலாப் நிலையம் கட்டுப்பாடின்றி விழப்போகிறது என்ற செய்தி இந்தியாவின் பல பகுதிகளில் பெரும் கலக்கத்தை உண்டாக்கியது. கடைசியில் அதன் துண்டுகள் இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் விழுந்தன; குப்பை போட்டதற்காக எஸ்பரன்ஸ் என்ற ஊராட்சி 400 டாலர் அபராதம் விதித்தது. இப்போதைய நிலையத்தின் எடை சுமார் 420 டன் என்பதால் கேள்வி நியாயமானதே. 2030 வரை இயக்கிவிட்டு, அதன்பின் தனி விண்கலம் ஒன்றைக் கொண்டு அதை மெல்ல இறக்கி, மனித நடமாட்டமில்லாத பெருங்கடல் பகுதியில் விழச் செய்வது என்பது திட்டம். அந்த விண்கலத்தைக் கட்டும் பணியை நாசா 2024 ஜூனில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்துக்குக் கொடுத்தது. ஆண்டுக் கணக்கு மாறக்கூடியது. கட்டுப்படுத்தித்தான் இறக்குவார்கள் என்பது மாறாது. சிறு துண்டுகள் விஷயத்தில் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2021இல் நிலையத்திலிருந்து கழித்துவிடப்பட்ட பழைய பேட்டரித் தொகுதியிலிருந்து முக்கால் கிலோ எடையுள்ள உலோகத் துண்டு ஒன்று எரியாமல் தப்பி, 2024 மார்ச்சில் ஃபுளோரிடாவில் ஒரு வீட்டுக் கூரையைத் துளைத்தது. அப்படி நம் வீட்டில் நடக்கும் வாய்ப்பு மிக மிகக் குறைவு.

கடக்கும் நேரத்தைத் தெரிந்துகொள்ள நாசாவின் ‘ஸ்பாட் த ஸ்டேஷன்’, ‘ஹெவன்ஸ் அபவ்’ ஆகிய இரண்டு இணையச் சேவைகளில் ஒன்று போதும். பின்னதில் தியாங்கோங்கின் நேரமும் கிடைக்கும். உங்கள் இடத்தைப் புதுமடம் அல்லது மண்டபம் என்றே குறித்துக்கொள்ளுங்கள். சென்னையை வைத்துப் பார்த்தால், அங்கே உச்சியில் போகும் கடப்பு சில நாட்களில் இங்கே அரைவானில் சரிந்து போகும். மறையும் இடமும் மாறும். உயரம் 40 டிகிரிக்கு மேல் என்று காட்டும் நாட்களைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு வாரத்துக்கு அப்பால் காட்டப்படும் நேரத்தை நம்ப வேண்டாம்: மெலிந்த காற்றின் உராய்வால் நிலையம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்வதும், அவ்வப்போது இயந்திரத்தை இயக்கி அதை உயர்த்துவதும் கணக்கை மாற்றிக்கொண்டே இருக்கும். சில நாட்கள் தொடர்ந்து மாலையில் தெரிந்தபின் அது மறைந்துவிட்டால் கவலைப்படவும் வேண்டாம். பாதையின் தளம் நாள்தோறும் மேற்கே நகர்வதால், சில வாரம் விடியற்காலைக்குப் போய்விட்டு மீண்டும் மாலைக்கு வரும்.

கையசைப்புக்குப் பொருள் உண்டா என்ற கேள்விக்கு என் விடை வானொலிதான். பகல், இரவு, நிழல் எதுவும் அதற்குத் தடையில்லை. நிலையத்தில் ஹாம் ரேடியோ இருக்கிறது. வீரர்களில் பலர் உரிமம் பெற்றவர்கள். 2025 ஜூன் 26 அன்று அங்கே போய்ச் சேர்ந்த சுபான்ஷு சுக்லா, ஜூலையில் இந்தியப் பள்ளி மாணவர்களோடு பேசியது இந்த வழியில்தான். நிலையத்தின் குரல் 145.800 மெகாஹெர்ட்ஸில் இறங்குகிறது. விசைப்படகில் இருக்கும் வி.எச்.எஃப். கருவியில் இது கேட்குமா என்று மீனவ நண்பர்கள் கேட்பதுண்டு. கேட்காது, அது 156 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் கடல்சார் சேனல்களுக்கென்றே கட்டப்பட்டது. கணினியில் செருகி, மென்பொருள் வழியாக அலைவரிசையைத் தேர்ந்து கேட்கும் எஸ்.டி.ஆர். எனப்படும் சிறிய ரிசீவர் ஒன்று போதும். ஆண்டெனாவைப் பி.வி.சி. குழாயும், பழைய இரும்பு அளவு டேப்பும் கொண்டு வீட்டிலேயே கட்டலாம். டேப்பை ஒரு மீட்டர் அளவை ஒட்டிய துண்டுகளாக வெட்டி, நடுத்துண்டை இரண்டாகப் பிரித்து, பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுக் கேபிளின் இரு முனைகளையும் பற்றவைக்க வேண்டும். நம் ஊரில் அந்தப் பற்றவைப்பின் மேல் நல்ல ரப்பர் டேப்பைச் சுற்றாவிட்டால், உப்புக் காற்று ஒரே பருவத்தில் அதைப் பச்சை பூக்க வைத்துவிடும்.

நிலையம் நம்மை நோக்கி வரும்போது அலைவரிசை சுமார் 3 கிலோஹெர்ட்ஸ் மேலே கேட்கும், விலகும்போது அதே அளவு கீழே, ஆகவே 145.803இல் தொடங்கி 145.797 வரை மெல்ல இறக்கிக்கொண்டே வர வேண்டும். ஒரு கடப்பில் அடிவானிலிருந்து அடிவானுக்கு 10 நிமிடம் வரை கேட்கும். வெறும் இரைச்சலுக்கு நடுவே ஒரு மனிதக் குரல் தெளிந்து வருவதைப் பிள்ளைகள் ஒருமுறை கேட்டுவிட்டால், விமானமா இல்லையா என்ற வழக்கு அங்கேயே முடிந்துவிடும். ஆனால் பேச்சு எல்லா நாளும் இருக்காது. அது இல்லாத நாட்களில் 145.825இல் தரவுப் பொட்டலங்களின் கரகரப்பைக் கேட்கும் வாய்ப்பு அதிகம். பதிலுக்குப் பேச ஆசைப்பட்டால் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் அமெச்சூர் தேர்வு எழுதி உரிமம் பெற வேண்டும். பள்ளி மாணவரும் எழுதலாம். அதற்கு முன் யாரும் மைக்கின் பொத்தானை அழுத்தக் கூடாது.

உடனே தொடங்குவதற்கு எளிய வழி, நிலையத்திலிருந்து அவ்வப்போது அறிவித்துவிட்டு ஒலி வடிவில் அனுப்பும் படங்களைப் பிடிப்பது. ரிசீவரின் ஒலிபெருக்கிக்கு எதிரே, ‘ரோபோட்36’ செயலியைத் திறந்த கைபேசியை வைத்தாலே படம் வரிவரியாக விரியும். ஒரு படத்துக்கு ஏறக்குறைய 2 நிமிடம் ஆகும் என்பதால் நல்ல கடப்பில் இரண்டு அல்லது மூன்று கிடைக்கும். பாதிப் படம் வெறும் கோடாக வந்தாலும், இந்தப் படங்களை அனுப்ப ஏற்பாடு செய்பவர்களின் இணையதளத்தில் பதிவேற்றுங்கள். அதற்கும் பெயர் போட்டு ஒரு மின்சான்றிதழ் தருகிறார்கள்.